ஜெய்சல்மேர் போய்வந்த அத்தை

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய தம்பி இன்றைக்கும் மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார். அதில் என்னால் மண் விழ வேண்டாம். தம்பி மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அத்தை அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றியதை நான் போட்டு உடைக்கக் கூடாது.

அத்தை என்று கூப்பிட்டேனே தவிர உறவெல்லாம் இல்லை. ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு. தம்பி ஃபேக்டரியில் டர்னர், கடைசல் வேலை. அவர் மனைவி, ஒரு பையன், அப்புறம் அத்தை. அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு எங்கள் பிளாக்கில் நாலு கதை இருந்தது. நாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. என் கண்ணுக்குத் தெரிந்த காரணம் இழுப்பு. ஐப்பசி மழை ஆரம்பித்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மூச்சு விசிலடிக்கும். குவார்ட்டர்ஸ் சுவர்தானே, தும்மினால்கூட அடுத்த வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் அந்த விசிலைக் கேட்டுக்கொண்டுதான்.

யாரோ ஒரு டாக்டர் என்றைக்கோ அவரிடம் சொல்லியிருந்தார், காற்றில் ஈரமே இல்லாத ஊரில் இருந்தால் உங்களுக்கு இந்தத் தொந்தரவே இருக்காது என்று. டாக்டர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார். அத்தை விடவில்லை. காற்றில் ஈரமே இல்லாத ஊர் எது என்று விசாரித்தார். ராஜஸ்தான் என்றார்கள். ராஜஸ்தானில் எது என்றார். ஜெய்சல்மேர் என்றார்கள். அன்றைக்குப் பிடித்த பிடி.

திட்டம் போடுவது அத்தையின் பிறவிக் குணம். ரேஷனுக்கு எந்த நாள் போனால் கூட்டம் இருக்காது, குழாயில் எந்த வேளையில் தண்ணீர் கலங்காமல் வரும், பூந்தமல்லிக்கு எந்த பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், எல்லாம் விரல் நுனியில் இருக்கும். பிளாக்கில் யார் ஊருக்குப் போவதானாலும் முதல் நாள் அவரிடம் வந்து நிற்பார்கள். "திரும்பி வர்ற டிக்கெட்டை முதல்ல போடு. போறது எப்படியாவது போயிடலாம்" என்பார். ரயில்வே கால அட்டவணையைக் கரைத்துக் குடித்தவர். இத்தனைக்கும் அவர் ரயிலில் போன அதிகபட்ச தூரம் ஆரணிக்கு ஒரு சாவு வீட்டுக்காகக் காட்பாடி வரை.

ஃபேக்டரிக்காரர்களுக்கு எல்.டி.சி. என்று ஒன்று உண்டு. நாலு வருஷத்துக்கு ஒருமுறை இந்தியாவின் எந்த மூலைக்கு வேண்டுமானாலும் குடும்பத்தோடு போய்வர ரயில் கட்டணத்தை ஃபேக்டரியே கொடுத்துவிடும். தம்பியை அண்டி இருக்கும் கல்யாணமாகாத அக்காவும் குடும்பத்தில் சேர்த்தி. எல்லோரும் காசி, டெல்லி என்று போவார்கள். அத்தை மட்டும் ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர் என்று ஒரு பழைய டைரியில் நாள் நாளாக எழுதிவைத்திருந்தார். முதல் நாள் மெட்ராஸ் சென்ட்ரல். மூன்றாம் நாள் ஜெய்ப்பூர். ஆறாம் நாள் ஜோத்பூர். எட்டாம் நாள் ஜெய்சல்மேர், கோட்டை மேல் நின்று சூரியன் மணல்மேட்டில் இறங்குவதைப் பார்ப்பது. அந்த வரிக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் கோடு. சுற்றுலா அலுவலகத்துக்குக் கடிதம் போட்டு வரவழைத்த வரைபடத்தை மடித்து டைரிக்குள் வைத்திருந்தார். எதிர் பிளாக்கில் இருந்த பட்டாளத்துக்காரர் மனைவியிடம் இந்தி வாக்கியங்கள் கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டார். "யே பானி பீனே கா ஹை?" என்று எங்கள் வீட்டுக் குடத்தைக் காட்டிக் கேட்பார், இது குடிக்கிற தண்ணீரா என்று. "ஹை, ஹை" என்பேன். எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான்.

ஒத்திகையெல்லாம் நடந்தது. சித்திரை வெயிலில் உச்சி வேளைக்கு மொட்டை மாடியில் போய் நிற்பார், பழக்கம் வேண்டுமாம். ஒருமுறை பூந்தமல்லியில் சர்க்கஸ் வந்தபோது என்னை இழுத்துக்கொண்டு போனார். நான் சிங்கத்தையும் பார் விளையாட்டையும் நினைத்துக்கொண்டு போனால், அவர் கொட்டகைக்குப் பின்னால் கட்டியிருந்த ஒட்டகத்துக்கு எதிரே போய் நின்றுகொண்டார். நகரவே மாட்டேன் என்கிறார். வேலியருகே இருந்த காவல்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னாம்மா, டிக்கெட் வாங்கிகினு உள்ள போம்மா. இங்க இன்னா கீது?"

"ஏம்பா, இது எந்திரிக்கும்போது முன்காலை முதல்ல தூக்குமா, பின்காலை முதல்ல தூக்குமா?"

அவர் அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இன்னா, வாங்கப் போறியா?"

"ஏறப் போறேன்."

அந்த மனிதருக்கு என்ன தோன்றியதோ, ஒட்டகத்தை ஒரு தட்டுத் தட்டினார். அது பின்காலைத் தூக்கி, முன்னால் குடை சாய்வது மாதிரி சாய்ந்து, அப்புறம் முன்காலை ஊன்றி எழுந்தது. அத்தை கைதட்டாத குறை. "பார்த்தியா? பின்னாடிதான் முதல்ல எந்திரிக்குது. அப்ப நாம பின்னால சாஞ்சுக்கணும். இல்லேன்னா அது தலை மேல விழுவோம்." திரும்பி வரும்போது பஸ்ஸில் டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். சிங்கத்தை நான் பார்க்கவே இல்லை.

முதல் நாலு வருஷம் தம்பி பையன் கைக்குழந்தை. அடுத்த நாலு வருஷம் தம்பியின் மாமனார் படுக்கையில் விழுந்தார். எண்பதுகளின் கடைசியில்தான் எல்லாம் கூடி வந்தது. டிக்கெட் போட்டாயிற்று. மே மாதம். "மே மாசம் யாராவது பாலைவனத்துக்குப் போவாங்களாக்கா?" என்று என் அம்மா கேட்டாள். "குளிருக்கா போறோம்? காய்ஞ்ச காத்துக்குத்தானே போறோம்" என்றார் அத்தை.

மணலில் நடக்கத் தோதாக இருக்கும் என்று வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒன்று வாங்கிக்கொண்டார். புறப்பட்ட அன்று காலை நூல் புடவைக்குக் கீழே அந்த ஷூ எட்டிப் பார்த்தது. பிளாக்கே சிரித்தது. மேல் வீட்டு அண்ணாத்தே, பருத்திப்பட்டுக்காரர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தார். "நமக்கு ஊட்டாண்டயே ஏரி கீது, மண்ணைப் பார்க்க அம்மாந்தூரம் போறியேக்கா" என்று வழியெல்லாம் கிண்டல். மற்ற நாளாக இருந்தால் அத்தை சும்மா விட்டிருக்க மாட்டார். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஊருக்குப் போகிற படபடப்பு என்று நினைத்தேன். சென்ட்ரல் போகிற மின்சார ரயிலில் ஏறினார்கள். நான் பிளாட்பாரத்தின் கடைசி வரை ஓடிக் கையசைத்தேன். அவர் கையசைக்கவில்லை.

எட்டாவது நாள், கல்லூரித் தோழி ஒருத்தியைப் பார்க்கத் திருநின்றவூர் போனேன். சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தோம். அந்த வருஷம் ஏரி சுத்தமாக வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நல்ல வெயில். ஒரு ஈ காக்கை இல்லை. நடு ஏரியில் ஒரு பெண் தனியாக நடந்துகொண்டிருந்தார். நூல் புடவை. கீழே வெள்ளை ஷூ.

தோழியைக் கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு ஓடினேன். "அத்தை!" என்றேன். திடுக்கிடுவார் என்று பார்த்தால், அழுக்கான ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு எட்டாவது நாள்டி" என்றார். "இந்நேரம் ஜெய்சல்மேர்ல இருக்கணும்."

அப்புறம் சொன்னார். திருநின்றவூரில் மனை மலிவாக வருகிறது என்று தம்பிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் போதவில்லை. எல்.டி.சி.க்கு ஃபேக்டரி கொடுத்த முன்பணம் இருந்தது. போகாமலே போய்வந்ததாகக் காகிதம் தயார் செய்து கொடுக்க ஒரு ஏஜென்ட்டும் கிடைத்தான். டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. இதையெல்லாம் தம்பி அத்தையிடம் சொன்னது புறப்படுவதற்கு முதல் நாள், மூட்டை கட்டி முடித்த பிறகு. "எல்லாரும் பண்றதுதான்க்கா. உனக்கும் சேர்த்துத்தானே வீடு" என்றாராம். பெட்டியோடு ஏறியவர்கள் வில்லிவாக்கத்தில் இறங்கி, எதிர் பிளாட்பாரத்துக்குப் போய், திரும்பி வந்திருக்கிறார்கள். ரயில் ஆவடியைத் தாண்டும்போது ஜன்னலை இறக்கிவிட்டு நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். தம்பி மனைவியின் சித்தி வீடு இங்கே. பதினைந்து நாள் வெளியே தலை காட்டக் கூடாது. அத்தைதான் தாங்க முடியாமல் உச்சி வேளையில், யாரும் வராத நேரம் பார்த்து, ஏரிக்கு வந்துவிடுகிறார்.

"வெளிய தெரிஞ்சா தம்பிக்கு வேலை போயிடும். யார்கிட்டயும் சொல்லிடாதே. அம்மாகிட்டகூட."

சத்தியம் செய்தேன். அவர் ஏரியைப் பார்த்தார். "மண்ணு காய்ஞ்சுதான் இருக்கு. காத்து காயல" என்றார். அவருடைய மூச்சு லேசாக விசிலடித்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம். எல்.டி.சி. போய் வந்தவர்கள் எட்டு வீட்டுக்கும் ஏதாவது கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மாலையில் படிக்கட்டில் உட்கார்ந்து போன கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விடமாட்டார்கள். தம்பி சௌகார்பேட்டைக்குப் போய் ராஜஸ்தான் அரக்கு வளையல் வாங்கி வந்திருந்தார். அதைக் கொடுத்து முடித்ததும் வயிற்று வலி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவர் மனைவிக்குத் தலைவலி. பையனைச் சித்தி வீட்டிலேயே விட்டு வந்திருந்தார்கள், உளறிவிடுவான் என்று. படிக்கட்டில் அத்தை மட்டும்தான்.

அண்ணாத்தே ஆரம்பித்தார். "இன்னாக்கா, ஒட்டகத்து மேல ஏறினியா இல்லியா? உண்மையச் சொல்லு."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏறாம? அது பின்காலைத்தான் முதல்ல தூக்கும், தெரியுமா? அப்ப நாம பின்னால சாஞ்சுக்கணும்."

"அடி ஆத்தே!" என்றார்கள் பெண்கள். அவ்வளவுதான், அத்தை பேச ஆரம்பித்துவிட்டார். ஜெய்ப்பூரில் எந்த வாசல் வழியாக நுழைந்தோம், ஜோத்பூரில் வீட்டுச் சுவருக்கெல்லாம் நீலம் அடித்திருப்பது, எங்கே தண்ணீர் கேட்டோம், என்ன இந்தி பேசினோம். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஏரியில் அவரைக் கண்ணால் பார்த்த நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் கோட்டைக்கு வந்தார். "கோட்டை மேல நின்னு பார்த்தா கண்ணுக்கு எட்டின வரைக்கும் மணல்மேடுதான். சூரியன் அதுக்குள்ள இறங்குது. காத்துன்னா அதான் காத்து. எனக்கு ஒரு நாள்கூட இழுக்கலை" என்றவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று என் அம்மாவும் கூடச் சேர்ந்து அழுதாள்.

இரண்டு மாதம் கழித்து யாரோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். ஒரு மத்தியானம் ஃபேக்டரியிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். தம்பி வேலையில், அவர் மனைவி கோவிலில். அத்தை அவரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, ஒரு மணி நேரம் பேசினார். வந்தவர் முதலில் சந்தேகத்தோடு கேட்டார், பிறகு ஆசையாகக் கேட்டார். போகும்போது தன் குடும்பமும் அடுத்த வருஷம் அங்கேதான் போக வேண்டும் என்று சொல்லி, எந்த ரயில், எந்தச் சத்திரம் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். போய்வந்தது உண்மை என்று அறிக்கை எழுதிவிட்டார். தம்பியின் வேலை பிழைத்தது.

அன்றோடு அத்தைக்கு வழி அடைபட்டுப்போயிற்று. இதை அப்போது நான் யோசிக்கவில்லை. நாலு வருஷம் கழித்து அடுத்த எல்.டி.சி. வந்தபோது அவர் டைரியை எடுத்திருக்கிறார். தம்பி மனைவி எங்கள் எல்லோர் முன்னாலும், படிக்கட்டில் வைத்தே சொன்னாள்: "அங்கதான் போயாச்சே அக்கா. மறுபடியும் அதே ஊருக்கா?" எங்கள் அம்மாவும் "அதானே, வேற எங்கயாச்சும் போயிட்டு வாங்களேன்" என்றாள் வெள்ளந்தியாக. அத்தை டைரியை மூடினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியாது என்பது ஒரு பக்கம். பேசவும் தோன்றவில்லை, அதுதான் உறுத்துகிறது. அந்த வருஷம் அவர்கள் மூன்று பேரும் டெல்லி, ஆக்ரா என்று நிஜமாகவே போய்வந்தார்கள். அத்தை வீட்டைப் பார்த்துக்கொண்டார்.

திருநின்றவூரில் வீடு எழும்பியது. அத்தைக்குப் பின்பக்கத்து அறை. ஜன்னலைத் திறந்தால் ஏரி. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி வந்து வேலியைத் தொடும், சுவரில் பாசி படியும். இழுப்பு வருஷம் முழுக்க என்றாகிவிட்டது. அவருடைய பாலைவனத்தை விற்று ஏரிக்கரையில் வீடு கட்டினார்கள் என்று ஒருநாள் என் கணவரிடம் சொல்லி அழுதிருக்கிறேன்.

ஆம், அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, வேலையும் கிடைத்திருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரியில் நானும் கணவரும் ராஜஸ்தான் போவதென்று முடிவானது. அத்தையிடம் சொல்லப் போனேன். தலையணைக்கு அடியிலிருந்து டைரியை எடுத்துக் கொடுத்தார். "இனிமே எனக்கு எதுக்கு? திரும்பி வர்ற டிக்கெட்டைப் போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன்.

திரும்பி வந்த மறு வாரம், நிஜமான ஜெய்சல்மேர் வளையலோடு போனேன். தம்பி மனைவி கடைக்குக் கிளம்பும் வரை அத்தை வெறும் ஊர்ப்பேச்சே பேசிக்கொண்டிருந்தார். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து, கட்டிலில் என் எதிரே உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படி முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"சொல்லு" என்றார்.

நான் என்ன சொல்ல வேண்டும் என்று ரயிலிலேயே தீர்மானித்துவிட்டேன். அவர் மனம் குளிர வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அவரே போய்வந்த மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு அத்தை. ஒரு எழுத்து மாறல."

அவர் காத்திருந்தார்.

"கோட்டை?"

"நீங்க சொன்ன மாதிரியேதான். மணல்மேடு, சூரியன், எல்லாம்."

"காத்து?"

"அதுவும் அப்படியேதான் அத்தை."

முகம் மெல்ல மெல்ல வாடியது. வளையலைக் கையில் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"நான் சொன்னதுதான் எனக்குத் தெரியுமேடி" என்றார். "இரு, காப்பி போடறேன்."

எனக்கு ஆறு மணி ரயிலைப் பிடிக்கும் அவசரம். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் அங்கே போகவில்லை என்று தெரிந்த, அவருக்கு வேண்டிய ஒரே ஆள் நான். ஏழெட்டு வருஷமாக யாரிடமும் கேட்க முடியாத ஒன்றை என்னிடம் கேட்டார். அவர் சொன்ன பொய்யையே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இது புரிந்தபோது அதே வருஷம் கார்த்திகை மாதம், அடைமழை. தம்பி வீட்டுக் கூடத்தில் அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

கோட்டையிலிருந்து மணல்மேடு தெரியாது அத்தை. நீங்கள் எழுதியதில் அது ஒன்றுதான் தப்பு. அங்கிருந்து பார்த்தால் கல்லும் முள்செடியுமாகக் காய்ந்த தரைதான். மணலுக்கு ஜீப்பில் ஒரு மணி நேரம் போக வேண்டும். ஜனவரி மாதத்து விடிகாலையில் அந்த மணல் குடத்துத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்தது. கையில் அள்ளினால் ஒட்டவே ஒட்டாது, அப்படியே வழிந்துவிடும். ஒட்டகம் பயங்கர நாற்றம். ஆனால் பின்காலைத்தான் முதலில் தூக்கியது. நான் பின்னால் சாய்ந்துகொண்டேன், இவர் சாயாமல் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார், ஒட்டகக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். காற்றில் துளி ஈரம் இல்லை. இரண்டாம் நாளே எனக்கு உதடு வெடித்துவிட்டது. மணல்மேட்டு உச்சியில் நின்று, உங்களை நினைத்துக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். அடிவயிறு வரைக்கும் போயிற்று அத்தை. சத்தமே இல்லை.